உரிய மேலிடத்துக்கு

கடவுளுக்குப் போக வேண்டிய காகிதம் தொழிலாளர் அலுவலகத்துக்கும், தொழிலாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டிய காகிதம் கடவுளுக்கும் போய்ச் சேர்ந்ததற்கு மனுக்காரரைத் தவிர வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அவரும் அரை நாள் உட்கார்ந்து யோசித்துப் பார்த்தார். பிரிண்டர் மீது போடலாமா, பழுப்பு உறை விற்ற கடைக்காரர் மீது போடலாமா, மின்விசிறிக் காற்றின் மீது போடலாமா என்று. எதன் மீது போட்டாலும் பழி வழுக்கி வழுக்கி அவர் மடியிலேயே வந்து விழுந்தது.

அவருக்குத் தொழில் மனு எழுதுவது. அரசு அலுவலகக் கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே, கொஞ்சம் நிமிர்ந்தாலும் தலையில் இடிக்கிற முக்கோண மூலையில் ஒரு மேசை, ஒரு கணினி, இருமல் நோயாளியைப் போல நின்று நின்று அச்சடிக்கிற ஒரு பிரிண்டர். பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர்களும், குழாயில் தண்ணீர் வராதவர்களும், பக்கத்து வீட்டுச் சுவர் தம் பக்கம் சாய்கிறது என்று புலம்புகிறவர்களும் அவரிடம்தான் வருவார்கள். இருபது வருடமாக எழுதி எழுதி, வீட்டில் சட்டைப் பொத்தான் அறுந்தால்கூட "மேற்படி பொத்தான்" என்றுதான் அவர் வாயில் வரும்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மக்கள் சார்பில் வாசிக்கிற மன்றாட்டுகளை எழுதுவதையும் பங்குக் கோவிலில் அவர் தலையில்தான் கட்டியிருந்தார்கள். அதில் அவருக்குச் சிரமமே இல்லை. மனுவுக்கும் மன்றாட்டுக்கும் அவர் கண்டவரை பெரிய வித்தியாசம் கிடையாது. இரண்டிலும் பெறுநர் பெரியவர், அனுப்புநர் சிறியவர், நடுவில் ஒரு "தயவுகூர்ந்து". பதில் வர நாளாகும் என்பதிலும் இரண்டு இடமும் ஒன்றுதான்.

அந்தச் சனிக்கிழமை தொழிலாளர் ஆய்வாளருக்கு ஒரு மனுவையும் மறுநாள் பூசைக்கான மன்றாட்டையும் அடுத்தடுத்துத் தட்டச்சு செய்து, இரண்டையும் பழுப்பு உறையில் போட்டு ஒட்டினார். ஒன்றின் மேல் "மேலிடத்துக்கு" என்று எழுதினார். எழுதியதும் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. தொழிலாளர் ஆய்வாளர் இருப்பதும் இரண்டாவது மாடி, அதுவும் மேலிடம்தானே என்று, இன்னொன்றின் மேலும் "மேலிடத்துக்கு" என்று எழுதினார். எது எந்த மேலிடம் என்று எனக்குத் தெரியாதா என்ன, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தேநீர் குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது தெரியவில்லை. இரண்டையும் கையில் தூக்கிக் கனம் பார்த்து, ஊகமாக ஒன்றை இரண்டாவது மாடிக்கும் மற்றதைக் கோவிலுக்கும் அனுப்பிவைத்தார்.

ஞாயிறு காலைப் பூசையில் மன்றாட்டு வாசிக்க எழுந்து வந்தவர் ஓய்வுபெற்ற பேருந்து நடத்துனர். எதைக் கொடுத்தாலும் வாசிப்பார். வாசிப்பதற்கும் புரிந்துகொள்வதற்கும் அவர் எந்தச் சம்பந்தமும் வைத்துக்கொண்டதில்லை. முப்பது வருடம் நிறுத்தம் நிறுத்தமாக ஊர்ப்பெயர் கூவிய குரல். மைக்குக்கு வேலையே இருக்காது. உறையைக் கிழித்தார், கண்ணாடியை மூக்கில் ஏற்றினார், ஆரம்பித்தார்.

"பெறுநர், உயர்திரு ஆய்வாளர் அவர்கள். பொருள்: சலவைக்கூடத்தின் இஸ்திரிப் பிரிவில் பணிபுரியும் பதினான்கு பெண்களுக்கு முக்காலி கோருதல் தொடர்பாக."

யார் அந்த ஆய்வாளர் என்று சிலர் திரும்பிப் பார்த்தார்கள். ஆனால் வாசிப்பவர் நிறுத்தினால் மக்கள் தொடங்க வேண்டும் என்பது எலும்பில் ஊறிய பழக்கம். மொத்தக் கோவிலும் ஒரே குரலில் சொன்னது:

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

நான்காவது பெஞ்சில் மனுக்காரர் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார்.

"மேற்படி பெண்கள் காலை எட்டு மணி முதல் மாலை ஆறு மணி வரை நின்றபடியே வேலை செய்வதால், கால் நரம்புகள் புடைத்து, இரவில் தூக்கமின்றி அவதியுறுகின்றனர்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!" இந்த முறை பின்வரிசையிலிருந்து பெண்குரல்கள் கொஞ்சம் ஓங்கியே வந்தன. அந்தப் பதினான்கு பேரில் எட்டுப் பேர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

"இது குறித்து மேற்படி முதலாளியிடம் குழுவின் சார்பில் மூன்று முறை நேரில் கேட்டும், 'பாப்போம்' என்ற பதிலைத் தவிர வேறெதுவும் கிடைக்கப்பெறவில்லை."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

இந்தப் பதிலில் முதல் பெஞ்சிலிருந்து ஒரு கனத்த ஆண்குரலும் சேர்ந்திருந்தது. கண்ணை மூடி, கைகளைக் குவித்து, உருக்கமாகச் சொன்னவர் மேற்படி முதலாளியேதான். ஊரில் அவருக்கு 'கஞ்சி முதலாளி' என்று பெயர். சட்டைக் காலர் கழுத்தை அறுக்கிற அளவுக்குக் கஞ்சி போட்டு விறைப்பாக இருக்கும். அதனால்தான் அந்தப் பெயர் என்று சிலர் சொல்வார்கள். கடைசி எழுத்தைக் கொஞ்சம் மாற்றிச் சொன்னாலும் பொருந்தும் என்று வேறு சிலர் சொல்வார்கள். வாய் சொல்லி முடித்த பிறகுதான் காதுக்குச் செய்தி போனது. ஒரு கண்ணைத் திறந்தார். பிறகு மற்றதை.

நடத்துனர் அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விட்டார். "எனவே, தாங்கள் தயவுகூர்ந்து மேற்படி இடத்தை நேரில் வந்து பார்வையிட்டு, ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள, நீதிக் குழு."

கடவுளை நேரில் வந்து பார்வையிடச் சொல்லி இப்படி அலுவல் முறையில் அந்தக் கோவிலில் யாரும் அதுவரை கேட்டதில்லை. பீடத்தில் நின்ற ஃபாதர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்து "ஆமென்" என்று மட்டும் சொன்னார்.

மனுக்காரர் பக்கத்தில் பார்த்தார். அவர் மனைவி நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருடமாக அந்த இஸ்திரிப் பிரிவில் நிற்கிற கால்கள், செருப்புக்குள் அசையாமல் இருந்தன.

இந்த விவகாரத்தின் ஆரம்பமே அந்தக் கால்கள்தான். தினமும் மாலை வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளி வெந்நீரில் இரண்டு காலையும் விட்டு, அரை மணி நேரம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். மனுக்காரர் அதைப் பார்த்துப் பார்த்து மனம் தாங்காமல், அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், நீதிக் குழுவில் போய்ச் சொன்னார்.

நீதிக் குழு என்பது ஃபாதரின் ஏற்பாடு. புதன்கிழமை மாலை, பூசை உடுப்புகள் வைக்கும் அறைக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறையில், கரும்பலகை வைத்துத் திருச்சபையின் சமூகப் போதனையை நடத்துவார். மனித மாண்பு, பொதுநன்மை, தோழமை, துணைநிலை என்று ஒவ்வொன்றாக எழுதி அடிக்கோடிடுவார். மனுக்காரர் எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொள்வார். துணைநிலை வந்த புதன்கிழமை மட்டும் கண் சொருகிவிட்டது. எழுந்து பார்த்தபோது பலகையில் அந்த ஒரு சொல்தான் இருந்தது. துணை, துணைவி என்று ஏதோ குடும்ப விஷயமாக இருக்கும் என்று ஊகித்து, நோட்டில் இப்படி எழுதி வைத்தார்: "துணைநிலை: மனைவி சம்பந்தப்பட்டது. பிறகு பார்க்கலாம்."

அதே குழுதான் முதலாளியிடம் மூன்று முறை போய்க் கேட்டது, மூன்று 'பாப்போம்' வாங்கிக்கொண்டு வந்தது, கடைசியில் மேலிடத்துக்கு எழுதுவது என்று முடிவு செய்தது.

பூசை முடிந்ததும் முற்றத்தில் கூட்டம் கலையவில்லை. எல்லோருக்கும் திடீரென்று அங்கேயே நின்று பேச ஏதோ இருந்தது. முதலாளி மனுக்காரரை நோக்கி வந்தார். நடக்கும்போது சட்டை சரசரவென்று சத்தம் போட்டது.

"என்ன மனுக்காரரே, நல்லா எழுதுறீங்க."

"முதலாளி, அது உறை மாறி..."

"இல்ல இல்ல, நடை நல்லா இருக்கு. 'கிடைக்கப்பெறவில்லை.' ம்."

"முக்காலி விஷயம் என்ன செய்யறதா இருக்கீங்க?" என்று கேட்டார் மனுக்காரர்.

"பாப்போ..." என்று ஆரம்பித்தவர், சுற்றிலும் இருபது பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டு, சொல்லைப் பாதியில் கடித்து விழுங்கினார். "நானும் இஸ்திரிப் பெட்டி பிடிச்சுத்தான் மேல வந்தேன். முப்பது வருஷம் நின்னவன் நான். எனக்கு யாரு முக்காலி போட்டா?"

"அதனாலதான் உங்களுக்குத் தெரியும்னு..." என்றார் மனுக்காரர்.

முதலாளி காரின் கதவைத் திறந்தார். ஏறுமுன் மனுக்காரரின் மனைவியை ஒரு தடவை பார்த்தார். அந்த ஒரு பார்வை மனுக்காரரின் முதுகில் ஐஸ் தண்ணீரை ஊற்றியது. மனுவில் யார் பெயரும் இல்லைதான். ஆனால் அந்தப் பதினான்கு பேரில் மனு எழுதுகிற புருஷன் யாருக்கு இருக்கிறான் என்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் வேண்டியதில்லை.

"ஃபாதர், இவளுக்கு வேலை போயிடுமா?"

ஃபாதர் தாடியைத் தடவினார். "ஒரு வகையில பாத்தா, முதலாளி நல்ல மனுஷன். பீடத் துணியெல்லாம் பைசா வாங்காம வெளுத்துக் கொடுக்கறார். இன்னொரு வகையில பாத்தா, மனித மாண்புன்னு வரும்போது..."

"போகுமா, போகாதா ஃபாதர்?"

"ஒரு வகையில..." என்றார் ஃபாதர். யாரோ ஞானஸ்நானத்துக்குத் தேதி கேட்டு வந்ததும் முகம் மலர அவரிடம் திரும்பிக்கொண்டார்.

நடத்துனர் தோளில் தட்டினார். "தம்பி, இன்னைக்கு மன்றாட்டு கொஞ்சம் நீளமோ?"

"அண்ணே, வாசிக்கும்போது 'உயர்திரு ஆய்வாளர்'னு வந்துச்சே, சந்தேகமே வரலையா?"

"ஆண்டவர்தானே எல்லாத்தையும் ஆய்வு பண்றார்? உள்ளங்களை ஆய்பவர்னு எத்தனை தடவை வாசிச்சிருக்கேன்!"

மனுக்காரர் திரும்பிப் பார்த்தபோது மனைவி கோவில் வாசலைத் தாண்டிவிட்டிருந்தாள்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் மனைவி நான்கு அடி முன்னால் நடந்தாள். அவர் வேகம் கூட்டினால் அவளும் கூட்டினாள்; அவர் நின்றால் அவள் நிற்கவில்லை.

"கோபமா?" என்றார் கதவைத் திறந்ததும்.

"வெங்காயம் தீர்ந்துடுச்சு" என்றாள்.

"இல்ல, எம்மேல கோபமான்னு கேட்டேன்."

"சாவியை ஆணியில மாட்டுங்க."

"உன் நல்லதுக்குத்தான் எழுதினேன்."

"வெந்நீர் வைக்கணும், நகருங்க."

இருபது வருட அனுபவத்தில் அலுவலகப் பதில்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். 'பரிசீலனையில் உள்ளது' என்றால் தொலைந்துவிட்டது. 'உரிய காலத்தில் தெரிவிக்கப்படும்' என்றால் அந்தக் காலம் வராது. 'சாவியை ஆணியில மாட்டுங்க' என்பதற்கு என்ன பொருள் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.

செவ்வாய்க்கிழமை துணிந்து இரண்டாவது மாடிக்கு ஏறினார். இருபது வருடம் கீழே இருந்தவர், அந்தப் படிகளை அடிப்பக்கத்திலிருந்துதான் அதிகம் பார்த்திருந்தார். தொழிலாளர் ஆய்வாளர், கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற ஓர் அம்மாள், கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"நீங்கதானா அது? உக்காருங்க. 'எங்களை ஆளும் அதிகாரிகளுக்காக: அவர்கள் தூக்கம் கலைந்து, ஏழைகளின் குரலுக்குச் செவிசாய்க்கும் வரத்தைத் தந்தருளும்.' இது யாரைச் சொல்றீங்க?"

"பொதுவா சொன்னதும்மா."

"என் பேருக்கு வந்திருக்கே? 'மேலிடத்துக்கு'ன்னு போட்டு?"

"அது வேற மேலிடம்மா. உறை மாறிப்போச்சு."

"அதுக்குள்ள நான் குறிப்பு எழுதிட்டேனே" என்று கோப்பைத் திருப்பிக் காட்டினார். வரிசை எண், தேதி, முத்திரை எல்லாம் கச்சிதமாக இருந்தன. அடியில் பச்சை மையில் எழுதியிருந்தது: 'இறந்தோரின் ஆன்ம இளைப்பாறுதல், பாவிகளின் மனமாற்றம் ஆகிய கோரிக்கைகள் இவ்வலுவலகத்தின் அதிகார வரம்பிற்கு உட்பட்டவை அல்ல. மனுதாரர் உரிய மேலிடத்தை அணுகவும்.'

மனுக்காரருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த அம்மாளின் உதட்டோரத்தைப் பார்த்தார். அங்கேயும் அதே குழப்பம்தான் இருந்தது.

"அசல் மனுவைக் கொண்டு வந்தா எடுத்துக்குவீங்களாம்மா? பதினாலு பொம்பளைங்க, முக்காலி விஷயம்."

"கொண்டு வாங்க. பதிவு பண்ணலாம்."

"முக்காலி கிடைக்குமா?"

"பதிவு பண்ணலாம்" என்றார் அவர் மறுபடியும், ஏதோ ஆறுதல் சொல்வது போல.

ஆனால் அசல் மனுவுக்கு வேலையே வரவில்லை. கோவில் சொன்ன பதில் ஊர் முழுவதும் முதலாளியைத் துரத்திக்கொண்டிருந்தது. முடிவெட்டப் போனால் கத்தரிக்காரர் காதோரத்தில் "என்ன முதலாளி, மன்றாட்டு எந்த நிலைமையில இருக்கு?" என்றார். வங்கியில் காசாளர் பெண் சீட்டை நீட்டியபடியே "கேட்டருளும்" என்று முணுமுணுத்தாள். போதாததற்கு நடத்துனர் வேறு, தெருவில் எங்கே பார்த்தாலும் உருக்கமாகக் கையைக் குவித்து, "நீங்களே வாய் விட்டுக் கேட்டீங்களே முதலாளி, உங்க மன்றாட்டை ஆண்டவர் தட்டுவாரா?" என்று நலம் விசாரித்தார். அவர் கேலி செய்யவில்லை என்பதுதான் அதில் கொடுமை.

பத்தாம் நாள் முதலாளி தாங்க முடியாமல் பதினான்கு முக்காலி வாங்கினார். சும்மா வாங்கவில்லை. நீல நிறம், பளபளக்கிற கால்கள். மந்திரித்து வைக்க ஃபாதருக்கு அழைப்பு, நீதிக் குழுவுக்கு அழைப்பு. மனுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, "'கோரிக்கை முழுமையாக நிறைவேறியது, இனி வேறு கோரிக்கை இல்லை'ன்னு ஒரு காகிதம் அடிச்சுக் கொண்டு வாங்க. பதினாலு பேரும் கையெழுத்துப் போடணும். உங்க கிடைக்கப்பெறவில்லை நடையிலேயே இருக்கட்டும்" என்றார்.

மனுக்காரர் அடித்தார். அடிக்கும்போது விசில்கூட அடித்தார். மனைவியின் வேலை பிழைத்தது, முக்காலி வந்தது, உறை மாறியதே ஆண்டவரின் திட்டம்தான் என்று சொல்லிக்கொள்ள இனி தடையில்லை. வீட்டில் செய்தியைச் சொன்னார்.

"பாத்தியா? வந்துடுச்சு!"

"எவ்வளவு உயரம்?" என்றாள் மனைவி.

"எது?"

"ஒண்ணுமில்ல" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை காலை மனுக்காரர் தம் மனைவி வேலை செய்கிற அறைக்குள் வாழ்க்கையில் முதல்முறையாக நுழைந்தார். வாசலில் எத்தனையோ நாள் காத்திருந்திருக்கிறார், உள்ளே வந்ததில்லை. நீராவி முகத்தில் ஈரத் துணி போல வந்து அப்பியது. ஒரு பக்கம் பெரிய உருளைகள் விடுதிப் படுக்கை விரிப்புகளை விழுங்கி மறுபக்கம் துப்பிக்கொண்டிருந்தன. நடுவில் நீளமான இஸ்திரி மேசைகள். ஒவ்வொரு மேசைக்கும் மேலே கூரையிலிருந்து ஒரு ரப்பர் குழாய் தொங்கி, இஸ்திரிப் பெட்டிக்கு ஆவி கொடுத்தது. தரையில் ஒவ்வொருத்தி நிற்கிற இடத்திலும் சிமெண்ட் தேய்ந்து இரண்டு வழுவழுப்பான வட்டங்கள். மனைவியின் வட்டங்கள் மூன்றாவது மேசைக்குப் பின்னால் இருந்தன. அவர் அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணில் நீராவி பட்டுவிட்டது.

ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். முதலாளி கையைத் தட்டினார். "ம், உக்காருங்கம்மா எல்லாரும்! ஃபாதர் பாக்கட்டும்!"

பதினான்கு பேரும் உட்கார்ந்தார்கள்.

மேசைகளுக்குப் பின்னால் பதினான்கு தலைகள் மட்டும் தெரிந்தன. சிலருக்குத் தாடை மேசை விளிம்பில் நின்றது. நின்று வேலை செய்வதற்கென்று போட்ட மேசை, இடுப்பு உயரம். முக்காலி, முட்டி உயரம்கூட இல்லை. இரண்டாவது மேசையில் ஓர் அக்கா, உட்கார்ந்தபடியே கையைத் தூக்கி இஸ்திரிப் பெட்டியைப் பிடிக்கப் பார்த்தாள். பெட்டி மூக்குக்கு நேராக வந்து புஸ்ஸென்று ஆவி விட்டது. "ஐயோ!" என்று அலறி எழுந்தாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். முதலில் சிரித்தது ஃபாதர்தான். பிறகு அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

முதலாளி சிரிக்கவில்லை. உண்மையாகவே முகம் வாடிவிட்டது. "கேட்டதைத்தானே வாங்கினேன்? மனுவுல முக்காலின்னு எழுதியிருந்துச்சா இல்லையா? மனுக்காரரே, சொல்லுங்க!"

எழுதியிருந்தது. தெள்ளத் தெளிவாக.

"அப்ப வேலை முடிஞ்சுது. காகிதத்தைக் கொடுங்க, கையெழுத்துப் போடட்டும். இனி எந்தக் கோரிக்கையும் கிடையாது."

மனுக்காரர் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். 'இனி வேறு கோரிக்கை இல்லை' என்று அவரே அடித்த வரி அவரையே முறைத்துப் பார்த்தது. இதில் கையெழுத்து விழுந்தால், அடுத்த ஒன்பது வருடத்துக்கும் அந்த வட்டங்கள் அப்படியே தேயும். மூலையில் பதினான்கு முக்காலிகள் மடித்த விரிப்புகளைச் சுமந்துகொண்டு நிற்கும். மேசை உயரம் இந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு மட்டும்தான் தெரியாது. எழுதியவரும் அவர் மட்டும்தான்.

"ஃபாதர்," என்றார் மெதுவாக, "அந்தத் துணைநிலைன்னு ஒண்ணு நடத்தினீங்களே, அன்னைக்கு நான் கொஞ்சம்... கண்ணு அசந்துட்டேன். அது என்ன?"

ஃபாதருக்கு முகம் மலர்ந்தது. "ஒரு வகையில பாத்தா..."

"ஒரே வகையில சொல்லுங்க ஃபாதர்."

ஃபாதர் தாடிக்குப் போன கையை இறக்கினார். "பாரம் யாரு தோள்ல இருக்கோ, முதல்ல அவங்கதான் பேசணும். அவங்களால தீர்க்க முடியறதை மேல இருக்கறவங்க கையில எடுத்துக்கக் கூடாது. அவங்களுக்குத் துணையா நிக்கணும், அவ்வளவுதான்."

"மேல இருக்கறவங்கன்னா முதலாளியா?"

"முதலாளியும்தான். நானும்தான். மனு எழுதறவங்களும்தான்."

நோட்டில் எழுதி வைத்தது சரியாகத்தான் போயிற்று: மனைவி சம்பந்தப்பட்டது. 'பிறகு பார்க்கலாம்' என்றதுதான் தப்பு.

மனுக்காரர் காகிதத்தைத் திருப்பி, எழுதாத பக்கத்தை மேசை மேல் விரித்தார். பேனாவைத் திறந்தார். "அக்கா தங்கச்சிங்களே, நான் உங்க யாரையும் கேக்காம எழுதிட்டேன். இப்ப கேக்கறேன். உங்களுக்கு என்னதான் வேணும்?"

முதலாளி பக்கத்திலேயே நின்றார். உருளைகள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. ஒருத்தி புடவைத் தலைப்பை விரலில் சுற்றினாள். இன்னொருத்தி கூரையைப் பார்த்தாள். மனுக்காரர் வேறு வழியில்லாமல் மூன்றாவது மேசைக்குத் திரும்பினார். அவர் மனைவி முக்காலியிலிருந்து எழுந்து, தன் இரண்டு வட்டங்களில் கால் வைத்து நின்றாள்.

"எத்தனை முக்காலிம்மா வேணும்?"

"ரெண்டு."

"ரெண்டா? பதினாலு வந்திருக்கே!"

"ரெண்டு போதும். அந்தப் பின்கதவைத் திறந்து வெளிய நிழல்ல போடணும். ரெண்டு ரெண்டு பேரா மாத்தி மாத்திப் போய், காலை நீட்டி, பதினஞ்சு நிமிஷம் உக்காரணும். காலையில ஒரு தடவை, மதியத்துக்கு மேல ஒரு தடவை. மத்தவங்க அந்த நேரத்துக்கு அவங்க துணியையும் சேர்த்துப் பாத்துக்குவோம். வேலை நிக்காது. நாங்க எப்பவோ பேசி முடிவு பண்ணினது." மூச்சு விட்டாள். "எழுதிக்கோங்க. மேற்படி, கீழ்ப்படி எல்லாம் வேண்டாம். அப்படியே எழுதுங்க."

மனுக்காரர் அப்படியே எழுதினார்.

"அந்தக் கதவு பூட்டித்தான் இருக்கணும்" என்றார் முதலாளி. "விரிப்பெல்லாம்..."

"விரிப்பை நாங்க தூக்கிட்டுப் போயிடுவோம்னா முதலாளி?" என்றாள் மூக்கில் ஆவி பட்ட அக்கா. "ஒண்ணு என்ன கனம்னு தெரியுமா? வீட்டுல துவைக்க யாரு இருக்கா?"

மறுபடி சிரிப்பு. முதலாளி காலரைத் தளர்த்தினார். பூட்டிய கதவைப் பார்த்தார். தரையைப் பார்த்தார், மூன்றாவது மேசைக்குப் பின்னால் தேய்ந்திருந்த சிமெண்டில் அவர் கண் சற்று அதிக நேரம் தங்கியது. முப்பது வருடம் நின்றவருக்கு அது என்னவென்று யாரும் சொல்லத் தேவையில்லை.

"பாப்போ..."

அவர் முடிக்கவில்லை. பின்மேசையிலிருந்து ஒருத்தி ஆரம்பித்தாள், பதினான்கு பேரும் சேர்ந்துகொண்டார்கள், சிரித்துக்கொண்டே, ஆனால் விளையாட்டுக்கு இல்லை:

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

பழக்கம் பொல்லாதது. முதலாளியின் உதடும் "கேட்டருளும்" என்று அசைந்துவிட்டது. கையும் களவுமாகப் பிடிபட்டவர் போலச் சுற்றிலும் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து, ஒரு சாவியைப் பிரிக்க நகத்தை ஒடித்துக்கொண்டு, கடைசியில் கொத்தையே மனுக்காரரின் மனைவியிடம் நீட்டினார்.

"எதுன்னு எனக்கே தெரியல. நீங்களே தேடிக்கங்க. மீதி பன்னெண்டு முக்காலியை என்ன பண்றது?"

"கோவிலுக்குக் கொடுங்க" என்றார் ஃபாதர் அவசரமாக. "புதன்கிழமை வகுப்புக்கு ஆகும். முதுகு சாய இடம் இல்லாட்டா யாரும் தூங்க மாட்டாங்க."

அன்று மாலை மனைவி வாளியில் வெந்நீர் ஊற்றினாள். கால்கள் ஒரே நாளில் சரியாகிவிடுமா என்ன. மனுக்காரர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நோட்டைப் புரட்டி, 'பிறகு பார்க்கலாம்' என்பதை அடித்தார். அதற்குப் பதில் என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடினார்.

"ஒண்ணு கேட்டா நேரா பதில் சொல்லுவியா?"

"கேளுங்க."

"எம்மேல கோபமா?"

அவள் வெந்நீருக்குள் கால் விரல்களை அசைத்துப் பார்த்தாள். வெங்காயம் பற்றியோ சாவி பற்றியோ எதுவும் சொல்லவில்லை.

"ஆமா" என்றாள். "வியாழக்கிழமை வரைக்கும்."